சர்வரை நிறுத்தாமல் ஜாவா வெப் அப்ளிகேஷனைப் புதுப்பிப்பது எப்படி?



லேபில் ஜாவா வெப் அப்ளிகேஷன் எழுதும்போது ஒரு வரியை மாற்றினால் என்ன செய்கிறோம்? டாம்கேட்டை ஸ்டாப் பண்ணுகிறோம், திரும்ப ஸ்டார்ட் பண்ணுகிறோம். ஒரு நிமிடம்கூட ஆகாது. யாருக்கும் நஷ்டமும் இல்லை, ஏனென்றால் அந்த அப்ளிகேஷனைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் நாம்தான்.

வேலைக்குப் போன பிறகு கதை வேறு. நாம் ஸ்டாப் அழுத்துகிற நொடியில் யாரோ ஒருவர் பாதி படிவத்தை நிரப்பியிருப்பார், இன்னொருவர் பணம் கட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் இன்டர்வியூவில் "ரன்னிங்கில் இருக்கிற அப்ளிகேஷனை எப்படி அப்டேட் பண்ணுவீங்க?" என்ற கேள்வி வருகிறது. "வார் ஃபைலை வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டுடுவேன் சார்" என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். சர்வ்லெட் என்றால் என்ன, செஷன் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு நீலகிரி மாவட்டம் மஞ்சூரை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் சிறு தேயிலை விவசாயிகள். எடக்காடு, கீழ்குந்தா, பிக்கட்டி என்று பல ஊர்களிலிருந்தும் பசுந்தேயிலை தொழிற்சாலைக்கு வருகிறது. இலை வாங்கும் ஒவ்வொரு மையத்திலும் ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர். எல்லா மையங்களுக்கும் பொதுவாக ஒரே ஜாவா வெப் அப்ளிகேஷன், டாம்கேட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். (அப்ளிகேஷன் கற்பனை, மற்றதெல்லாம் அங்கே தினமும் நடக்கிற விஷயம்.)

ஒரு விவசாயி 7 மூட்டை கொண்டு வருகிறார். ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டு, எண்ணைத் திரையில் தட்டுகிறார்கள். 7 மூட்டையும் முடிந்த பிறகுதான் பில். அதுவரை எடைகள் எல்லாம் செஷனில், அதாவது சர்வரின் மெமரியில் மட்டும் இருக்கின்றன.

மழை நாள். இலையில் ஈரம். ஈரத்துக்காக 10 சதவீதம் கழிக்க வேண்டும். 100 கிலோ வந்தால் 90 கிலோவுக்குப் பணம். ஆனால் நேற்று ஏற்றிய புது வெர்ஷனில் ஒரு பிழை. மூட்டைக்கு மூட்டை 10 சதவீதம் கழித்துவிட்டு, மொத்தத்திலும் இன்னொரு முறை 10 சதவீதம் கழிக்கிறது. 90 போய் 81 ஆகிவிட்டது. 100 கிலோவுக்கு 9 கிலோ அந்த விவசாயியின் கையிலிருந்து போகிறது.

மாலை 4 மணிக்குப் பிழை கண்டுபிடிக்கப்படுகிறது. சரி செய்ய வேண்டியது ஒரே ஒரு மெத்தட், அதிலும் இரண்டே வரி. இப்போது நம் முன்னால் இருப்பது இரண்டு வழி:

ஒன்று, உடனே ரீஸ்டார்ட். எல்லா மையங்களிலும் பாதி எடை போட்ட கணக்குகள் காலி. மூட்டையெல்லாம் லாரியில் ஏறியிருந்தால் திரும்ப எடை போடவும் முடியாது.

இரண்டு, இரவு வரை காத்திருப்பது. அதுவரை வருகிற ஒவ்வொரு பில்லும் தப்பு.

இரண்டுமே வேண்டாம் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். ஜாவாவில் அது முடியுமா?

ரீஸ்டார்ட் பண்ணும்போது என்னவெல்லாம் போகிறது?

ஜேவிஎம் என்பது ஒரு ப்ராசஸ். அதை நிறுத்தினால் அதன் மெமரியில் இருக்கிற எல்லாமே போய்விடும்: நடுவழியில் இருக்கிற ரிக்வெஸ்டுகள், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல், கேஷில் வைத்த தகவல்கள், அடிக்கடி ஓடுகிற மெத்தட்களை ஜேவிஎம் மெஷின் கோடாக மாற்றி வைத்திருக்கும் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் ரீஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடங்கள் அப்ளிகேஷன் மெதுவாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். செஷனை மட்டும், அதற்கான செட்டிங் ஆன் ஆகியிருந்தால், முறையாக ஸ்டாப் செய்யும்போது டாம்கேட் ஃபைலில் எழுதிவைக்க முயற்சிக்கும். ப்ராசஸைக் கொன்றால் அதுவும் கிடையாது.

டாம்கேட்டின் ஒரே ஜேவிஎம்மில் பல அப்ளிகேஷன்கள் ஓடலாம். ஒன்றுக்காக ரீஸ்டார்ட் பண்ணினால் மற்றதெல்லாமும் சேர்ந்து விழும். எனவே நாம் தேடுவது, ஜேவிஎம்மைத் தொடாமல் ஒரு அப்ளிகேஷனின் கோடை மட்டும் மாற்றுகிற வழி.

அடிப்படை: கிளாஸ் லோடர்

இந்தப் பகுதி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஜாவாவில் ஒரு கிளாஸை மெமரிக்குள் கொண்டு வருவது கிளாஸ் லோடர் என்ற ஆப்ஜெக்ட். ஜேவிஎம்முக்குள் ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டும் கிடையாது. பெயரும் அதை உருவாக்கிய கிளாஸ் லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வோமே, அது மாதிரி. ஷெங் லியாங்கும் கிலாட் பிராக்காவும் 1998-ல் ஊப்ஸ்லா மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த விதியைத் தெளிவாக விளக்கியது.

இதிலிருந்து வருகிற விளைவுகள் மூன்று.

முதலாவது: ஒரு கிளாஸ் லோடர் ஒரு கிளாஸை ஒரு தடவைதான் உருவாக்கும். அதே லோடரிடம் "இதோட புது வெர்ஷனைக் கொடு" என்று கேட்க முடியாது. புது வெர்ஷன் வேண்டுமென்றால் புது லோடர் வேண்டும்.

இரண்டாவது: ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள் ஒரே ஜேவிஎம்மில் ஒரே நேரத்தில் இருக்கலாம். பழைய லோடரின் "பில்" வேறு, புது லோடரின் "பில்" வேறு. ஒன்றின் ஆப்ஜெக்டை இன்னொன்றாக காஸ்ட் செய்தால் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். "பில்லை பில்லாக மாற்ற முடியாது" என்று எரர் மெசேஜ் சொல்லும்போது தலை சுற்றும், காரணம் இதுதான்.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: ஒரு கிளாஸை மட்டும் தனியாக மெமரியிலிருந்து இறக்க முடியாது. அதை ஏற்றிய லோடரை யாருமே பிடித்திருக்கவில்லை என்றால்தான், லோடரும் அது ஏற்றிய கிளாஸ்கள் அத்தனையும் சேர்ந்து கார்பேஜ் கலெக்டரிடம் போகும். யாரோ ஒருவர் ஒரே ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மொத்தக் கூட்டமும் மெமரியிலேயே இருக்கும்.

டாம்கேட் ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனியாக ஒரு கிளாஸ் லோடர் கொடுக்கிறது. அதனால்தான் ஒரு அப்ளிகேஷனை மட்டும் மாற்ற முடிகிறது. பழைய லோடரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது லோடர் வைத்தால் அதுவே அப்டேட். ஆக, ஜாவாவில் ஓடுகிற அப்ளிகேஷனைப் "புதுப்பிப்பது" என்பது பெரும்பாலும் பக்கத்தில் புதிது ஒன்றை ஏற்றிவிட்டுப் பழையதை இறக்குவதுதான். ஏற்றுவது எளிது. இறக்குவதில்தான் எல்லாப் பிரச்சினையும்.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வழி 1: ஹாட்ஸ்வாப்

மேலே சொன்ன விதிக்கு ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. 2002-ல் வந்த ஜாவா 1.4-லிருந்து, டீபக்கர் மூலமாக ஓடுகிற கிளாஸின் மெத்தட் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றலாம். எக்லிப்ஸிலோ இன்டெல்லிஜேயிலோ டீபக் மோடில் ஓட விட்டு, கோடை மாற்றி சேவ் செய்தால் உடனே மாறுவது இதனால்தான். அந்த நொடியில் பழைய மெத்தட் ஓடிக்கொண்டிருந்தால் அது பழைய கோடிலேயே ஓடி முடியும். அடுத்த அழைப்பிலிருந்து புதுக் கோடு.

கட்டுப்பாடு என்ன? புது மெத்தட் சேர்க்க முடியாது, புது ஃபீல்டு சேர்க்க முடியாது, பேரன்ட் கிளாஸை மாற்ற முடியாது. ஏன்? புது ஃபீல்டு சேர்த்தால், ஏற்கெனவே மெமரியில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்டுகளின் அளவே மாற வேண்டும். வழக்கமான ஜேவிஎம் அதைச் செய்யாது. அதைச் செய்கிற கருவிகளும் உண்டு: எஸ்டோனியாவில் பிறந்த ஜேரெபல் (கட்டணம் உண்டு), ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வூர்த்திங்கர் உருவாக்கிய டிசிஇவிஎம். இவை டெவலப்பர் மெஷினில் நேரத்தை நன்றாக மிச்சப்படுத்தும்.

நம் ஈரக் கழிவுப் பிழை ஒரு மெத்தடுக்குள் இருக்கிற இரண்டு வரிதானே? ஹாட்ஸ்வாப்பே போதுமே என்று தோன்றும். கோட்பாட்டில் சரி. ஆனால் அதற்கு ப்ரொடக்‌ஷன் சர்வரில் டீபக் போர்ட் திறந்திருக்க வேண்டும். அந்த போர்ட்டைத் தொட முடிகிற யாரும் அந்த ஜேவிஎம்மில் எந்தக் கோடையும் ஓட்டலாம். வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்க விடுகிற மாதிரி. இன்னொன்று, மெமரியில் மட்டும் மாற்றிவிட்டு டிஸ்கில் பழைய ஃபைலை விட்டால், அடுத்த ரீஸ்டார்ட்டில் பிழை சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். அதனால் ஹாட்ஸ்வாப்பை டெவலப்மென்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழி 2: அப்ளிகேஷனை மட்டும் ரீலோட் செய்வது

டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் செட்டிங்கில் "ரீலோடபிள்" என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால், வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கிற கிளாஸ்களும் லைப்ரரிகளும் மாறியிருக்கின்றனவா என்று டாம்கேட் பின்னணியில் பார்த்துக்கொண்டே இருக்கும். வழக்கமாக 10 வினாடிக்கு ஒரு முறை. மாறியிருந்தால் தானாக ரீலோட். சும்மா சும்மா டிஸ்கைப் பார்ப்பது வீண் செலவு என்பதால் ப்ரொடக்‌ஷனில் இதை ஆஃப் செய்துவிட்டு, டாம்கேட் மேனேஜரிலிருந்து ரீலோட் கட்டளையை நாமே கொடுப்பது நல்லது.

ரீலோட் நடக்கும்போது உள்ளே என்ன ஆகிறது?

முதலில் அந்த அப்ளிகேஷனுக்கு வருகிற புது ரிக்வெஸ்டுகள் காத்திருக்க வைக்கப்படும். செஷனை எழுதிவைக்கும் செட்டிங் ஆன் ஆகியிருந்தால், செஷன்கள் எல்லாம் சீரியலைஸ் ஆகி ஒரு ஃபைலுக்குப் போகும். பழைய லோடர் கழற்றப்படும். புது லோடர் வரும். செஷன்கள் ஃபைலிலிருந்து திரும்ப ஏறும். காத்திருந்த ரிக்வெஸ்டுகள் தொடரும். பயனருக்குச் சில வினாடி தாமதம் மட்டும்தான் தெரியும்.

நம் மஞ்சூர்ப் பிரச்சினைக்கு இது பொருத்தமான வழி. 5 மூட்டை எடை போட்டவரின் 5 எண்களும் செஷனில் திரும்ப வரும், 6-வது மூட்டை புதுக் கணக்கில் போகும். ஆனால் மூன்று நிபந்தனைகள்:

அ) செஷனில் வைக்கிற ஒவ்வொரு ஆப்ஜெக்டும் சீரியலைசபிள் ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்ப வராது.

ஆ) அந்த கிளாஸின் சீரியல் வெர்ஷன் எண்ணை நாமே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் ஓடும்போது ஜாவாவே கிளாஸின் விவரங்களிலிருந்து அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். கிளாஸில் ஒரு மெத்தட் சேர்த்தாலே எண் மாறி, பழைய செஷனைப் படிக்க முடியாமல் போகலாம்.

இ) ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்த எதுவும் தப்பாது. கவுன்ட்டர், கேஷ், சிங்கிள்டன் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும்.

இதையும் வார் ஃபைலை மாற்றுவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் புது வார் ஃபைலைப் போட்டால் நடப்பது ரீலோட் அல்ல. பழைய அப்ளிகேஷன் முழுதாக நீக்கப்பட்டுப் புதிது நிறுவப்படும். இடைப்பட்ட நேரத்தில் வருகிறவருக்கு 404 கிடைக்கலாம். செஷன் பிழைக்கும் என்று நம்பக் கூடாது. இன்டர்வியூ பதில் "பாதி" என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

வழி 3: இரண்டு வெர்ஷனும் ஒரே நேரத்தில்

டாம்கேட் 7-ல் வந்த வசதி இது. பெயர் பேரலல் டெப்ளாய்மென்ட். செய்ய வேண்டியது ரொம்ப எளிது. வார் ஃபைலின் பெயருக்குப் பின்னால் இரண்டு ஹாஷ் குறியும் வெர்ஷன் எண்ணும் போட வேண்டும்: இலை##001.வார் ஓடிக்கொண்டிருக்கிறது, இலை##002.வார் என்பதைப் பக்கத்தில் போடுகிறோம். இரண்டும் ஒரே முகவரியில் ஓடும்.

யாருக்கு எந்த வெர்ஷன்? ஏற்கெனவே 001-ல் செஷன் இருப்பவர் 001-லேயே தொடர்வார். செஷன் இல்லாமல் புதிதாக வருகிறவர் 002-க்குப் போவார். 001-ல் இருப்பவர்கள் வேலையை முடித்து, செஷன் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். ஹோஸ்ட் செட்டிங்கில் "அன்டெப்ளாய் ஓல்டு வெர்ஷன்ஸ்" என்பதை ஆன் செய்திருந்தால், செஷன் யாருக்கும் இல்லாத பழைய வெர்ஷனை டாம்கேட் தானே இறக்கிவிடும். வழக்கமாக இது ஆஃப். ஆன் செய்ய மறந்தால் வெர்ஷன்கள் சேர்ந்துகொண்டே போகும்.

ஒரு சின்னப் பொறி: வெர்ஷன் எண்ணை டாம்கேட் எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்துச் சரமாகத்தான் ஒப்பிடுகிறது. அந்தக் கணக்கில் 9-ஐ விட 10 சின்னது. 9 வெர்ஷன் வரை எல்லாம் சரியாக ஓடும்; 10-வதை ஏற்றிய அன்று யாருக்கும் புது வெர்ஷன் தெரியாது. முதலிலேயே 001, 002 என்று சம நீளத்தில் வையுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. நம் ஈரக் கழிவுப் பிழைக்கு இந்த வழி சரியா?

நின்று யோசித்துப் பாருங்கள். 5 மூட்டை போட்டவரின் செஷன் 001-ல் இருக்கிறது. அவர் கடைசி வரை 001-லேயே இருப்பார். அவருடைய பில் பழைய, தப்பான கணக்கில்தான் வரும்! செஷன் பிழைத்தது, 9 கிலோ பிழைக்கவில்லை. மையத்தில் இருப்பவர் காலையில் லாகின் செய்த அதே செஷனில் மாலை வரை உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு முழுக்கத் தப்புதான். புது வசதி சேர்க்க, டிசைன் மாற்ற பேரலல் டெப்ளாய்மென்ட் அருமை. அவசரப் பிழைத் திருத்தத்துக்கு அது போதாது. எந்த மாற்றத்துக்கு எந்த வழி என்று தெரிவது, வழி தெரிவதைவிட முக்கியம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு வெர்ஷனும் உயிரோடு இருக்கிறது என்றால், இரண்டிலும் இருக்கிற டைமர் வேலைகளும் உயிரோடு இருக்கின்றன. இரவு 8 மணிக்கு விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை இரண்டு முறை ஓடும். எஸ்எம்எஸ் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வங்கிக்குப் பணம் அனுப்பும் வேலை என்றால்? இப்படிப்பட்ட வேலைகளுக்கு டேட்டாபேஸில் ஒரு பூட்டு வைத்து, முதலில் எடுத்தவர் மட்டும் ஓட்டும்படி எழுத வேண்டும்.

வழி 4: இரண்டு சர்வர், ஒவ்வொன்றாக

இந்த முறையை மஞ்சூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பக்கத்தில் குந்தா பாலத்தில் குந்தா நீர்மின் திட்டத்தின் முதல் மின்நிலையம் இருக்கிறது. 20 மெகாவாட் இயந்திரங்கள் 3. பராமரிப்பு என்றால் ஒரு இயந்திரத்துக்குப் போகிற தண்ணீரை வால்வில் மூடி, அதை மட்டும் கழற்றுவார்கள். மற்ற இரண்டும் ஓடும். 60 மெகாவாட் 40 ஆகும், பூஜ்யம் ஆகாது. அங்கே சுழன்ற தண்ணீர் கீழே கெத்தை, பரளி என்று அடுத்தடுத்த மின்நிலையங்களுக்கும் போக வேண்டியது.

சர்வரிலும் இதேதான். முன்னால் ஒரு லோட் பேலன்சர் (என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஹெச்டிடிபிடி எதுவாகவும் இருக்கலாம்). பின்னால் இரண்டு மூன்று டாம்கேட். முதல் டாம்கேட்டுக்குப் புது ரிக்வெஸ்ட் அனுப்புவதை நிறுத்து, உள்ளே இருக்கிற ரிக்வெஸ்டுகள் முடியும்வரை பொறு, நிறுத்து, புது வெர்ஷன் போடு, ஸ்டார்ட், உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பச் சேர். பிறகு அடுத்தது. ஒவ்வொரு டாம்கேட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சேவை நிற்கவில்லை.

மின்நிலையக் கணக்கு இங்கேயும் பொருந்தும். 3 சர்வரில் 1 வெளியே இருக்கும்போது மீதி 2 மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும். சாதாரண நாளிலேயே மூன்றும் 90 சதவீதத்தில் ஓடினால் இந்த முறை செல்லாது. செஷனும் ஒரே சர்வரின் மெமரியில் இருக்கக் கூடாது. டாம்கேட் கிளஸ்டர் மூலம் நகல் எடுக்கலாம், அல்லது ரெடிஸ் மாதிரி வெளியே ஒரு இடத்தில் வைக்கலாம்.

ஸ்பிரிங் பூட்டில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. அங்கே டாம்கேட் அப்ளிகேஷனுக்கு உள்ளேயே இருப்பதால், "சர்வரை விட்டுவிட்டு அப்ளிகேஷனை மட்டும் மாற்று" என்பதற்கு அர்த்தமே இல்லை. ஸ்பிரிங் பூட் 2.3-ல் (2020) வந்த கிரேஸ்ஃபுல் ஷட்டவுன், கையில் இருக்கிற ரிக்வெஸ்டுகளை முடித்துவிட்டு நிற்க உதவுகிறது.

பழையதை இறக்குதல்: மெமரி லீக்

வழி 2, வழி 3 இரண்டிலும் பழைய கிளாஸ் லோடர் மெமரியை விட்டுப் போக வேண்டும். போகிறதா? முதல் ரீலோடில் எதுவும் தெரியாது. பத்தாவது, இருபதாவது ரீலோடில் சர்வர் திணறும். ஜாவா 7 வரை "பெர்ம்ஜென் ஸ்பேஸ்" நிறைந்தது என்று அவுட் ஆஃப் மெமரி எரர் வந்து நிற்கும். 2014-ல் வந்த ஜாவா 8-ல் பெர்ம்ஜென்னை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸ் வைத்தார்கள். பலர் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீரவில்லை. மெட்டாஸ்பேஸுக்கு நாமாக வரம்பு வைக்காவிட்டால் அது மெஷினின் மெமரியைத் தின்றுகொண்டே போகும். எரர் வர இன்னும் தாமதமாகும், அவ்வளவுதான்.

பழைய லோடரை யார் பிடித்துவைக்கிறார்கள்? வழக்கமான குற்றவாளிகள் நான்கு பேர்:

1. நாம் ஸ்டார்ட் செய்து ஸ்டாப் செய்யாத த்ரெட். டைமர், எக்ஸிக்யூட்டர் எல்லாம் இதில் அடங்கும். த்ரெட் ஓடுகிற வரை அதன் கிளாஸ், அந்த கிளாஸின் லோடர், அந்த லோடரின் அத்தனை கிளாஸும் உயிரோடு இருக்கும்.

2. த்ரெட் லோக்கல். ரிக்வெஸ்டுகளை ஓட்டுகிற த்ரெட்கள் டாம்கேட்டுக்குச் சொந்தம். நம் அப்ளிகேஷன் போன பிறகும் அவை இருக்கும். அவற்றில் நம் கிளாஸின் ஆப்ஜெக்டை வைத்துவிட்டு எடுக்காமல் போனால் லீக்.

3. ஜேடிபிசி டிரைவர். நம் லைப்ரரியில் இருக்கிற டிரைவர், ஜாவாவின் டிரைவர் மேனேஜரில் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. டிரைவர் மேனேஜர் ஜேவிஎம்முக்குச் சொந்தம்.

4. டாம்கேட்டின் பொது லைப்ரரி ஃபோல்டரில் இருக்கிற ஏதாவது ஒன்றின் ஸ்டாட்டிக் கேஷ் அல்லது லிஸ்னர் பட்டியல்.

நான்கிலும் ஒரே வடிவம்தான்: நம்மைவிட நீண்ட ஆயுள் உள்ள ஒன்றின் கையில் நம் பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போகிறோம். மருந்தும் ஒன்றுதான். சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிஸ்னரில், அப்ளிகேஷன் ஆரம்பிக்கும்போது எதையெல்லாம் ஸ்டார்ட் செய்தோமோ, பதிவு செய்தோமோ, அதையெல்லாம் முடியும்போது ஓடுகிற மெத்தடில் ஸ்டாப் செய்து, பதிவை நீக்க வேண்டும். த்ரெட் லோக்கலை மட்டும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட் முடிவிலும், ஃபைனலி பிளாக்கில் நீக்குங்கள்.

டாம்கேட்டும் உதவும். அப்ளிகேஷன் நின்ற பிறகு த்ரெட் மிச்சமிருந்தால் லாகில் எச்சரிக்கை எழுதும். நாம் மறந்த டிரைவர் பதிவுகளைத் தானே நீக்கும். டாம்கேட் 7 முதல், ரிக்வெஸ்ட் த்ரெட்களையே படிப்படியாகப் புதிதாக மாற்றும். மேனேஜர் பக்கத்தில் "ஃபைண்ட் லீக்ஸ்" பட்டன் உண்டு. அது முழு கார்பேஜ் கலெக்‌ஷனைத் தூண்டும் என்பதால் பிஸியான நேரத்தில் அழுத்தாதீர்கள்.

இந்தச் சிக்கல் ஜாவாவுக்கு மட்டுமானதா? எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில், ஓடும்போதே கோடு மாற்றுவது மொழியிலேயே இருக்கிறது. அங்கேயும் ஒரு மாட்யூலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெர்ஷன்தான்: இப்போதையது, பழையது. மூன்றாவது வந்தால், இன்னும் பழையதில் தொங்கிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள் கொல்லப்படும். பழையதை விட்டே ஆக வேண்டும் என்பதை எர்லாங் கட்டாயமாக்குகிறது. ஜாவா அதை நம் பொறுப்பில் விடுகிறது.

டேட்டாபேஸை மறக்காதீர்கள்

கோடுக்கு இரண்டு வெர்ஷன் இருக்கலாம். டேட்டாபேஸ் ஒன்றுதான். வழி 3-லும் 4-லும் கொஞ்ச நேரமாவது பழைய கோடும் புதுக் கோடும் ஒரே டேபிளைத் தொடும். புது வெர்ஷனுக்காக ஒரு காலத்தின் பெயரை மாற்றினால் பழைய வெர்ஷன் அந்த நொடியே விழும்.

அதனால் மூன்று படியாகப் போக வேண்டும். முதலில் புதுக் காலத்தைச் சேர், பழையதைத் தொடாதே. பிறகு இரண்டிலும் எழுதுகிற கோடை ஏற்று, பழைய தகவலைப் புதுக் காலத்துக்கு நகல் எடு, படிப்பதையும் அங்கே மாற்று. பழைய கோடு எங்கேயும் ஓடவில்லை என்று உறுதியான பிறகு, அடுத்த ரிலீஸில் பழைய காலத்தை நீக்கு. இங்கேயும் ஏற்றுவது முதலில், இறக்குவது கடைசியில்.

மஞ்சூர் உதாரணத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. டேட்டாபேஸில் கழித்த பிறகு வந்த 81-ஐ மட்டும் எழுதியிருந்தால், பிழையைச் சரி செய்த பிறகும் அதுவரை போட்ட பில்களைச் சரி செய்வது பெரும்பாடு. தராசு காட்டிய 100, கழிவு 10 சதவீதம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதியிருந்தால், ஒரு குவெரியில் அன்றைய பில்கள் அத்தனையையும் திரும்பக் கணக்கிட்டு, யாருக்கு எத்தனை கிலோ பாக்கி என்று அச்சடித்துவிடலாம். அளந்ததை அப்படியே எழுதுங்கள். கணக்கிட்டதை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கணக்கிடலாம். மூட்டை எடையைச் செஷனில் மட்டும் வைக்காமல் அப்போதே டேட்டாபேஸில் எழுதியிருந்தால், ரீஸ்டார்ட்டுக்கே பயப்பட வேண்டியதில்லை.

எதற்கு எது?

நம் மெஷினில் கோடு எழுதும்போது: ஹாட்ஸ்வாப், அல்லது ரீலோடபிள் ஆன்.
ஒரே சர்வர், அவசரப் பிழைத் திருத்தம், செஷன் கிளாஸ்கள் மாறவில்லை: மேனேஜரிலிருந்து ரீலோட்.
ஒரே சர்வர், புது வசதி, யாருடைய வேலையும் கலையக் கூடாது: பேரலல் டெப்ளாய்மென்ட்.
இரண்டுக்கு மேல் சர்வர், அல்லது ஸ்பிரிங் பூட்: ஒவ்வொன்றாக மாற்றுவது.
ஜாவா வெர்ஷனோ டாம்கேட் வெர்ஷனோ மாறுகிறது: வழி 4 மட்டும்தான். ஜேவிஎம்மை ஜேவிஎம்முக்குள்ளிருந்து மாற்ற முடியாது.

லேபில் செய்து பாருங்கள்

படித்தது மறந்துவிடும், செய்தது மறக்காது. ஒரு மதியம் போதும்.

1. ஒரு சின்ன சர்வ்லெட் எழுதுங்கள். "வெர்ஷன் 1" என்று காட்டட்டும்; ஒவ்வொரு கிளிக்குக்கும் செஷனில் ஒரு எண்ணைக் கூட்டட்டும்.

2. வெப்ஆப்ஸில் ##001 என்று ஏற்றி, பிரவுசரில் 5 முறை கிளிக் செய்யுங்கள். "வெர்ஷன் 2" என்று மாற்றி ##002 ஏற்றுங்கள். அதே பிரவுசரில் வெர்ஷன் 1, எண் 6 வரும். இன்காக்னிட்டோ ஜன்னலில் வெர்ஷன் 2, எண் 1 வரும்.

3. ##9, ##10 என்று ஏற்றி, புதிதாக வருகிறவருக்கு எது கிடைக்கிறது என்று பாருங்கள்.

4. கான்டெக்ஸ்ட் லிஸ்னரில் முடிவில்லாமல் தூங்கி எழுகிற ஒரு த்ரெட்டை ஸ்டார்ட் செய்யுங்கள், ஸ்டாப் செய்யாதீர்கள். மேனேஜரில் 10 முறை ரீலோட் செய்யுங்கள். விஷுவல்விஎம்மில் ஹீப் டம்ப் எடுத்து, "வெப்ஆப் கிளாஸ் லோடர்" என்று முடிகிற பெயரில் எத்தனை ஆப்ஜெக்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

5. இப்போது அதே த்ரெட்டை லிஸ்னரின் முடிவு மெத்தடில் நிறுத்துங்கள். டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, திரும்ப 10 ரீலோட், திரும்ப எண்ணுங்கள். இரண்டு எண்களையும் ரெக்கார்டு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நான்காவது பயிற்சியில் வருகிற எண்ணைப் பார்த்த பிறகு, அடுத்த முறை "நியூ த்ரெட்" என்று எழுதும்போதே இதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி கூடவே வரும்.